முத்துக் கரைக்குக் கப்பல் வந்த கதை

மகளின் வகுப்பில் கடலோடிகளைப் பற்றிப் பாடம் நடந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் உங்கள் ஊர்க் கரைக்கு எப்படி வந்தன என்று பெற்றோர் யாராவது வந்து சொல்லலாம் என்று ஆசிரியை கேட்டிருந்தார். நான் மன்னார்க்காரி, கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். எனக்குத் தெரியாத கப்பலா? என் பிரெஞ்சு கடையில் பால் வாங்க மட்டும்தான் காணும் என்பதால், நான் தமிழில் சொல்ல மகள் மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு.

பள்ளிக்கூடம், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான். போனபோது திரையில் ஓர் ஓவியம்: பிரெஞ்சுக் கப்பல் தலைவன் நாங்கள் குடிவந்த இந்த நாட்டுக் கரையில் பெரிய சிலுவை நடுகிறான், பூர்வகுடிகள் ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள். சிலுவையைக் கண்டதும் என் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. மகள் முழங்கையால் இடித்தாள். அவளுடைய உயிர்த் தோழியின் தாய் முன்வரிசையில் இருந்தாள். மோஹாக் என்ற பூர்வகுடி இனத்தவள். அது தெரிந்தும் நான் அடங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

“போர்த்துக்கேயர் வந்துதான் எங்களுக்கு வேதம் தந்தவை. அதுக்கு முதல் நாங்கள் இருட்டுக்குள்ள கிடந்தனாங்கள்” என்றேன். மறைக்கல்வி வகுப்பில் படித்ததை அப்படியே, பெருமையோடு.

மகள் அதை மொழிபெயர்க்காமல் என் பக்கம் குனிந்தாள்.

“அம்மா, அவளின்ரை அம்மா இருக்கிறா. இதைச் சொன்னால் அவள் பேந்து என்னோடை கதைக்க மாட்டாள்” என்று முணுமுணுத்தாள்.

“நல்ல விசயம்தானே, சொல்லு பிள்ளை” என்று அதட்டினேன்.

அவள் வகுப்பைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். முத்து, கோட்டை, கொண்டு போனார்கள் என்று எனக்கும் சில பிரெஞ்சுச் சொற்கள் விளங்கின. வேதம் என்ற பேச்சே இல்லை. எங்கள் கரையில் முத்துக் குளித்ததையும், வந்தவர்கள் அதன் மேல் கண் வைத்துக் கோட்டை கட்டி உட்கார்ந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னதில் சோறு ஊட்டும்போது அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவள் நான்தான். சொன்ன எனக்கு அது ஒருநாளும் உறைத்ததில்லை. என் வாயில் வராததை என் பெயரில் சொல்லி, பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

முடிந்ததும் அந்தத் தாய் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் இதை இப்படி வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று, எனக்கு விளங்கும்படி மெதுவான பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அதைச் சொன்னது நானில்லை என்று சொல்வதற்கு வேண்டிய பிரெஞ்சு என்னிடம் இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மெர்சி” என்று நன்றி சொன்னேன்.