ரோல் நம்பர் ஒன்று

அந்த நீளமான மரக் கரண்டியை அண்ணி மேசைமேல் வைத்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எறியவில்லை, ஓசைகூட எழவில்லை. கொலோனில் ஒரு தேவாலயக் கூடத்தை ஒட்டிய சமையலறை அது. அண்டாவில் சரஸ்வதி பூஜைக்காக, வங்காளிகள் கிச்சுரி என்று சொல்லும் பருப்புச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் சமைக்க வரலை. கிளாசுக்கு வந்திருக்கேன்" என்றாள் அண்ணி. கரண்டியை எடுக்க ஆளில்லாததால் அண்ணன் எடுத்தார். கார்ல்ஸ்ரூஹேயில் பெரிய எஞ்சினியர். அன்று கிச்சுரி அடிப்பிடித்தது அவர் கைங்கரியம்தான்.

அண்ணி வங்காளி. அண்ணனும் அவளும் ஜெர்மனிக்குப் படிக்க வந்த இடத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அறுபதுகளின் கடைசியில் நான் மேற்படிப்புக்கு வந்து அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். என் அம்மாவுடன் ஒரு வருஷம் இருந்து தமிழ் கற்றவள் என்பதால், கோபம் வந்தால் அண்ணியின் வாயிலிருந்து அச்சு அசலாக அம்மாவே பேசுவாள். பகலெல்லாம் ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்தபடி தன் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்வாள். அது ஆண்கள் பள்ளிக்கூடம். அவள் அப்பா அங்கே தலைமையாசிரியர்.

வெள்ளைக்காரர்கள் அவுரிச் சாயம் காய்ச்சிவிட்டுக் கைவிட்டுப் போன கட்டிடத்தில், ஆற்றங்கரையில், ஒரு ஜமீன்தார் தொடங்கிய பள்ளி. வெள்ளத்தில் இரண்டு தடவை கூரை போயிருக்கிறது. அப்போதெல்லாம் மாந்தோப்பில் பாடம் நடந்திருக்கிறது. அந்நியத் துணி எரிப்பு நடந்த காலத்தில் பையன்கள் மைதானத்திலேயே துணிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அவர்கள் பெயரை நீக்கச் சொல்லி மேலதிகாரி வந்து நின்றபோது அன்றைய தலைமையாசிரியர் முடியாது என்றார். அரசாங்க மானியம் நின்றுபோனது, பள்ளி நிற்கவில்லை. அண்ணியின் அப்பாவும் அதே ரகம்தான். ஊரில் பெண்களுக்குப் பள்ளி இல்லை என்றதும், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பையன்கள் வகுப்பில், ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் தனி ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். ஊர் வாயை அவர் பொருட்படுத்தவே இல்லை.

வங்காளத்துப் பள்ளிகளில் ரோல் நம்பர் அகரவரிசைப்படி வருவதில்லை. போன வருஷப் பரீட்சையில் முதலில் வந்தவன் ரோல் நம்பர் ஒன்று, அடுத்தவன் இரண்டு. கிழவர்களான பிறகும் அந்த நம்பரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்துவார்கள். அண்ணி வருஷாவருஷம் முதலில் வந்தாள். ஆனால் ஆண்கள் பள்ளி, வருகைப் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. இரண்டாவதாக வந்த பையன் ரோல் நம்பர் ஒன்று ஆனான். அப்பா சபையில் அவன் பெயரைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "நீதான் முதல்" என்று மெதுவாகச் சொல்வாராம். பள்ளியிறுதித் தேர்வையும் அவள் தனித்தேர்வராகத்தான் எழுதினாள். "அப்பா வெள்ளைக்காரனுக்குப் பயப்படலை. ஒரு ரெஜிஸ்டருக்குப் பயந்துட்டார்" என்பாள். அவள் அப்பாமேல் உயிரையே வைத்திருந்தாள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மன்னிக்கவே இல்லை.

அந்தப் பழைய மாணவர்களில் இருபது பேர் போல அப்போது ஜெர்மனியில் இருந்தார்கள். சரஸ்வதி பூஜையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை கொலோனில் கூடுவார்கள். முதல் காரியமாக வகுப்பு வகுப்பாக ரோல்கால் எடுப்பார்கள். வழுக்கைத் தலைகளெல்லாம் எழுந்து நின்று "பிரசென்ட் சார்" சொல்லும். பிறகுதான் பூஜை. சங்கத்தின் செயலாளர் கொலோனில் பேர்பெற்ற டாக்டர். அண்ணியின் வகுப்பில் இரண்டாவதாக வந்து ரோல் நம்பர் ஒன்று ஆனவர் சாட்சாத் அவரேதான். பள்ளிக்கு நூறு வயது ஆகும் அந்த வருஷம், அதன் வரலாற்றை எழுதி வாசிக்கப்போவதாகவும், தலைமையாசிரியரின் மகள் அவசியம் வந்து சமையலை மேற்பார்வை பார்க்கவேண்டும் என்றும் தொலைபேசியில் தேனாகப் பேசினார். அண்ணி சரி என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் அண்ணன் கெஞ்சினார். "போன இடத்துல சண்டை வேண்டாம்மா. அவங்க எழுதினா எழுதிட்டுப் போகட்டும், உனக்கு என்ன குறைஞ்சுது?"

"எட்டு வருஷம் படிச்சேங்க. நான் அங்க படிச்சேன்னு ஒரு வரி வேணும். அது என்ன, பிச்சையா கேக்கறேன்?" என்றாள் அண்ணி. ரைன் நதிமேல் பனிமூட்டமாக இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கரண்டியை வைத்துவிட்டு அண்ணி கூடத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். டாக்டர் எங்களைப் பார்த்தார், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், நேரமாகிவிட்டதால் இந்த வருஷம் ரோல்கால் கிடையாது என்று அறிவித்துவிட்டு நேரே வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார். அண்ணியின் புண்ணியத்தில் எனக்கு வங்காளம் பாதிக்குமேல் புரியும். ஜமீன்தார் வந்தார், வெள்ளம் வந்தது, துணி எரிந்தது. தலைமையாசிரியரின் நேர்மைக்கு ஒரு பக்கம் முழுக்கப் புகழ்மாலை. கடைசியில், நூறு ஆண்டுகளாக ஆண்பிள்ளைகளை மட்டுமே வார்த்தெடுத்த பள்ளி என்று பெருமையாக முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணியோடு ஒரே அறையில் படித்தவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள்.

அந்த வரலாறு பிறகு புத்தகமாகவும் வந்தது, அந்த வரியோடுதான். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. இன்று நூலகங்களில் அதைத்தான் தேடி எடுத்துப் படிப்பார்கள். படிக்கட்டும். அங்கே இருந்தவள் நான், என் காதால் கேட்டதை நான் எழுதுகிறேன். அச்சில் ஏறியது மட்டும்தான் நடந்தது என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணி எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. வகுப்பின் ஆண்டைச் சொன்னாள். அவள் அப்பாவின் குரலை நான் கேட்டதில்லை. ஆனால் அங்கிருந்த பெரிய மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, அது யார் குரல் என்று தெரிந்துபோயிற்று.

"ரோல் நம்பர் ஒன்று" என்று கூப்பிட்டு, தன் பெயரை முழுசாகச் சொன்னாள். தானே, "பிரசென்ட் சார்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ரோல் நம்பர் இரண்டு." டாக்டரின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் அசையவில்லை. "தீதி, தயவுசெய்து, சாப்பாட்டு நேரம்..." என்று அக்கா முறை சொல்லி இழுத்தார். அண்ணி அவர் சொன்னது காதில் விழாத மாதிரி நின்றாள். மறுபடி கூப்பிடவும் இல்லை, அடுத்த நம்பருக்குப் போகவும் இல்லை. சமையலறைக் கதவில் அண்ணன் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். பதில் வராமல் அந்த மனுஷி நகரமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் மெதுவாகக் காகிதக் கட்டை மேசையில் வைத்தார். கைகள் தாமாகப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன.

"பிரசென்ட் சார்" என்றார்.

அண்ணி நன்றி சொல்லவில்லை, முகத்தில் வெற்றிக்களை காட்டவும் இல்லை.

"ரோல் நம்பர் மூன்று" என்றாள்.