ஆறு சுற்றிலும் வேறு மேசை

மஸ்கட்டிலிருந்து அவன் ஒரு மாத லீவில் வந்திருந்தபோதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சதுரங்கப் போட்டி நடந்தது. அவனுக்கு ஊர் வன்னியம்பட்டி. எனக்கு ராஜபாளையம், பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. பள்ளிக்கூட நாளில் ஒரு போட்டியில் எதிரெதிரே உட்கார்ந்துதான் பழக்கமானோம். அதன்பின் பல வருஷம், எந்த ஊரில் போட்டி நடந்தாலும் ஒரு சுற்றிலாவது மோதிவிடுவோம். ஏசி மெக்கானிக்காக அவன் வெளிநாடு போய் அப்போது ஆறு வருஷமாகியிருந்தது.

போனில் ஆடலாமே என்பார்கள். ஆடியிருக்கிறோம். ஆனால் யோசிக்கும்போது அவன் கீழுதட்டை இழுத்து இழுத்து விடுவது போனில் தெரியாது. அந்த லீவில் அவன் வீட்டிலும் ஒருநாள் பலகையை விரித்தோம். பத்து நகர்த்தலுக்குள் சொந்தக்காரர்கள் மூன்று பேர் அவனைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவன் காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டான்.

"இது சரிப்படாதுல. போட்டியில பாத்துக்கிடுவோம்" என்றான்.

ஒரே நாளில் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி வைத்திருப்பவர்களைத்தான் மோதவிடுவார்கள். நான்கு சுற்று முடிந்தபோது எனக்கு மூன்று புள்ளி, அவனுக்கு இரண்டரை. ஐந்தாவது சுற்றில் எனக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவி. என்னிடம் ஒரு யானை கூடுதல். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். திரும்பிப் பார்த்தேன். நாலு மேசை தள்ளி அவன் ஜெயிக்கும் நிலையில் இருந்தான். நான் டிரா செய்தால் இருவருக்கும் மூன்றரை ஆகிவிடும்.

"டிரா வச்சுக்கிடலாமாம்மா?" என்றேன். அந்தப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தாள்.

காய்களைக் கலைக்கும் முன்பே அவன் ஜெயித்துவிட்டு வந்து என் பலகையைப் பார்த்தான்.

"ஏலே, இது ஜெயிச்ச ஆட்டம்ல. ஏன் விட்ட?"

"செத்த நேரம் தலை சுத்துன மாதிரி இருந்துச்சு."

"எனக்காவ நீ ஒண்ணும் எறங்கி வர வேண்டாம்."

குரலில் கோபம் இருந்தது. ஆனால் கடைசிச் சுற்றின் பட்டியலை ஒட்டியதும் எனக்கு முன்னால் போய் நின்றவன் அவன்தான். விரலை வைத்து இரண்டு தரம் தேடினான். மூன்றரைப் புள்ளியில் எட்டுப் பேர் இருந்தோம். எனக்கு ஐந்தாம் மேசை. அவனுக்கு ஏழாம் மேசை.

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். எப்படித் தோற்றேன் என்றுகூட நினைவில்லை. என் இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது. அவன் ஜெயித்தான்; பரிசுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம்.

"அடுத்த லீவு எப்பம்?"

"ரெண்டு வருசமாவும்" என்றான். பிறகு, "ஒனக்குன்னு புதுசா ஒரு ஆரம்பம் யோசிச்சு வச்சிருந்தேன்ல."

"என்னன்னு சொல்லேன்."

"சொல்லப்படாது. ஒக்காந்து ஆடித்தான் காட்டணும்."

அவன் பஸ் வந்துவிட்டது.

மூன்று வருஷமாகிறது. அவன் லீவு ஒருமுறை தள்ளிப்போய்விட்டது. மில்லில் டீ குடிக்கும் நேரத்தில், அவன் என்ன யோசித்து வைத்திருப்பான் என்று மனசுக்குள் காய்களை நகர்த்திப் பார்க்கிறேன். நாலைந்து நகர்த்தலுக்கு மேல் போகவில்லை.