சரவிளக்கும் ஒரு கருநீலக் காலுறையும்

விளக்குக்காரரின் வலப்பக்கப் பையில் கைக்குட்டை இருக்கும். இடப்பக்கப் பையில் காலுறை இருக்கும். காலுறை என்றால் ஜோடி அன்று. ஒன்று கறுப்பு, மற்றொன்று கருநீலம். ஒரு வீட்டில் விளக்குகளை மாட்டி முடித்ததும் அவர் செய்யும் கடைசி வேலை, அவ்விரண்டையும் ஒரு பலகைமேல் அருகருகே விரித்துவைத்து, கண்ணை ஒருமுறை மூடித் திறப்பது. இரண்டும் வேறு வேறு என்று கண் சொன்னால் அது மெய் பேசும் விளக்கு. இரண்டும் ஒன்று என்று சொன்னால், எத்தனை அழகாக எரிந்தாலும் பொய்யன், அன்றே கழற்றிவிடுவார். வீட்டுக்காரர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். துவைத்தவைதாம் என்று அவர் முகர்ந்து காட்டிய பிறகே அருகில் வருவார்கள்.

இந்தச் சோதனை அவருக்கு எந்த நூலிலிருந்தும் கிடைத்ததன்று. ஓர் அவமானத்திலிருந்து கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெண் பார்க்கப் புறப்பட்ட நாளில், தம் ஒற்றை அறையின் மங்கிய மஞ்சள் பல்பின் கீழ் நின்று உடுத்திக்கொண்டு போனார். பெண்வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றபோது, ஜன்னல் வழியே வந்த ஞாயிறு அவருடைய பாதங்களின் மேல் தாராளமாக விழுந்தது. பெண்ணின் அக்காள் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஒரு கால் கல்யாணத்துக்கு வந்திருக்கு, இன்னொரு கால் ஆபீசுக்குக் கிளம்பிடுச்சா?"

கூடமே குலுங்கியது. உள்ளறையில் மணப்பெண்ணும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் சம்மதமும் வந்தது என்பது வேறு செய்தி. அன்று முதல் அந்தக் குடும்பத்தில் அவர் பெயர் சாக்ஸ் மாப்பிள்ளை. அதுவரை வெறுமனே கம்பி இழுத்துக்கொண்டிருந்த மனிதர், அதன்பின் ஒளியைப் படிக்கத் தொடங்கினார். நிழல் எங்கே விழும், எந்த விளக்கு எந்த நிறத்தைக் கெடுக்கும் என்று கற்றுக்கொண்டார். துணிக்கடைக்காரர்களும் தையற்காரர்களும் தேடி வந்தார்கள். ஆனால் சகலை மட்டும், எந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றாலும், அந்தக் காலுறைக் கதையைக் காப்புச் செய்யுள்போல் முதலில் பாடாமல் அமர்ந்ததில்லை.

அப்படிப்பட்ட சகலை புது வீடு கட்டினார். படுக்கையறையை ஒட்டி, ஆள் உள்ளே நுழைந்து நின்று உடுத்திக்கொள்ளும்படி ஓர் உடை அறையும் கட்டினார். மூன்று பக்கம் துணி அலமாரி, நான்காம் பக்கம் கதவு, கதவின் அருகே ஆளுயரக் கண்ணாடி, ஜன்னல் கிடையாது. விளக்குத் திட்டம் போட விளக்குக்காரரைத் தவிர வேறு யாரை அழைப்பது?

அவர் தம் வழக்கப்படி முதலில் சகலையை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, "இப்ப ஒரு சட்டை எடுங்க சகலை" என்றார். கையில் ஒரு டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"இருட்டுல சட்டை எடுக்கவா உங்களக் கூப்பிட்டேன்?"

"எடுங்களேன். உங்க நிழலு எங்க விழுதுன்னு பாருங்க. நடுவுல விளக்கு வச்சா, அலமாரியப் பாத்துத் திரும்பினதும் அது உங்க முதுகுக்குப் பின்னால போயிடும். உங்க நிழல உங்க சட்டை மேலேயே போட்டுட்டுத் தேடணும். அதனால அலமாரி விளிம்புல, உள்பக்கமாப் பாத்த மாதிரி நீள விளக்கு. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. பகல் வெளிச்சம் மாதிரி, நிறத்த உள்ளபடி காட்டுற விளக்கு. அவ்வளவுதான்."

சகலை முகம் சுளித்தார். "பகல் வெளிச்சத்துல என் மூஞ்சியப் பாக்கவா இம்புட்டுப் பெரிய வீடு கட்டினேன்? நடுவுல ஒரு சரவிளக்கு வைங்க. தங்கம் உருக்கி ஊத்தின மாதிரி இருக்கணும். உள்ள வந்தா நானே ராஜா மாதிரித் தெரியணும்."

"ராஜாவாத் தெரிவீங்க. போட்டிருக்கிற சட்டை என்ன நிறம்னுதான் தெரியாது."

"நிறத்தப் பத்தி எனக்குச் சாக்ஸ் மாப்பிள்ளை பாடம் எடுக்கிறாரு, கேட்டியா?" என்று சகலை தம் மனைவியை நோக்கிக் குரல் கொடுத்தார். வாசற்படியில் நின்ற அந்த அம்மாள், விளக்குக்காரருக்கு அண்ணி முறை, "அவரு சொல்றதக் கேட்டாத்தான் என்ன?" என்றாள். கேட்கவில்லை. சரவிளக்கு வந்தது, பன்னிரண்டு பல்புகளும் பழுத்த மாம்பழ நிறத்தில் எரிந்தன. விளக்குக்காரர் தம் காலுறைகளை விரித்துப் பார்த்தார். இரண்டும் உடன்பிறந்த இரட்டையர்போல் ஒரே பழுப்பாகக் கிடந்தன.

ஆயினும் தொழிலுக்குத் துரோகம் செய்ய மனம் ஒப்பவில்லை. கண்ணாடியின் இருபுறமும் மெய் பேசும் விளக்குகளை ஓசைப்படாமல் பதித்து, கதவுக்குப் பின்னால் தனி ஸ்விட்ச் வைத்தார். அண்ணிக்கு அதைப் போட்டுக் காட்டினார். சகலைக்கும் சொன்னார். சொல்லவில்லை என்று யாரும் குறை கூற இயலாது. ஒரே ஒருமுறை, மெல்லிய குரலில், சகலை சரவிளக்கை அண்ணாந்து பார்த்து மெய்மறந்திருந்த நேரத்தில் சொன்னார்.

இங்கே ஒரு குடும்ப வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அக்காளும் தங்கையும் எதையும் தனித்தனியே வாங்கியதில்லை. காலுறையும் அப்படியே; ஒரே கடையில், ஒரே கட்டாக, பாதி கறுப்பும் பாதி கருநீலமுமாக வாங்கிச் சரிபாதி பிரித்துக்கொள்வார்கள். ஆகவே இரு சகலைகளின் கால்களிலும் எப்போதும் ஒரே நெசவுதான்.

இரண்டு மாதம் கழித்து, சகலை பணிபுரியும் அலுவலகத்தில் அவருக்குப் பாராட்டு விழா. முப்பது ஆண்டு சேவைக்கு மேடை, மாலை, நன்றியுரை எல்லாம் உண்டு. குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம். அந்த நன்றியுரையை எண்ணி விளக்குக்காரர் அஞ்சினார். ஏனெனில் அவர் மகளைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த இடத்தில், மாப்பிள்ளைப் பையனின் தாயார் அதே அலுவலகத்தில் உயர் அதிகாரி. சிரிப்பை அளந்து செலவழிக்கும் அம்மையார். அவர் காதில் அந்தக் கதை விழுந்தால், இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் சம்பந்தி வீட்டிலும் குடியேறிவிடும். நாளை பேரப்பிள்ளைகள்கூட சாக்ஸ் தாத்தா என்றுதான் அழைக்கும்.

விழாவன்று பிற்பகல், மண்டபத்தின் வாசலில் சகலையின் கார் வந்து நின்றது. நல்ல வெயில். சகலை ஒரு காலை வெளியே ஊன்றி, மறுகாலை எடுத்துவைத்தார். வரவேற்க நின்ற விளக்குக்காரரின் பார்வை, தொழில்முறைப் பழக்கத்தால், கீழே போயிற்று.

இடக்கால் கறுப்பு. வலக்கால் கருநீலம்.

அவர் சகலையின் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார். மேடைக்குப் பின்னாலிருந்த சிற்றறையில் அமரவைத்தார். அதன் பிறகே பணிவாகக் கேட்டார்.

"சகலை, இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தக் கதை வேண்டாமே. சம்பந்தி வர்ற இடம்."

"அட, அந்தக் கதை இல்லாம என் பேச்சுல என்ன இருக்கு? நாலு பேரு சிரிக்க வேண்டாமா? அந்தம்மாவும் தெரிஞ்சுக்கட்டும், எப்பேர்ப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்கிறாங்கன்னு!"

"அப்ப சொல்லத்தான் போறீங்க."

"மொதல்லயே சொல்லிடுவேன்."

விளக்குக்காரர் பெருமூச்சு விட்டார். துக்கத்தின் மூச்சு அன்று அது. "சரி சகலை. மேடையில சோபா ரொம்பத் தாழ்வா இருக்கு. உக்காந்தா பேன்ட் மேல ஏறும். உங்க காலு முன்வரிசைக்காரங்க கண்ணுக்கு நேரா இருக்கும். மேடை விளக்கு எல்லாம் பாத்துட்டேன், நல்ல விளக்கு. பொய் பேசாது."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க சாக்ஸ் ரெண்டும் வேற வேற நிறம்."

சகலை குனிந்து பார்த்தார். அந்தச் சிற்றறையிலும் மஞ்சள் விளக்கே. "ஒண்ணாத்தானே இருக்கு?"

"உங்க உடை அறையிலயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

சகலையின் முகத்திலிருந்து ராஜகளை இறங்கி ஓடியது. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. வெற்றுக்காலோடு மேடையேற மனமில்லை. அப்போது விளக்குக்காரர் தம் இடப்பக்கப் பையிலிருந்து இரண்டு காலுறைகளை மந்திரவாதிபோல் மெதுவாக உருவினார். "ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம். உங்க வீட்டு நெசவேதான். ஒண்ண மாத்திக்கிட்டா ஜோடி சேந்துடும். ஆனா கதை?"

"சொல்லல."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே சொல்லல! குடுங்கய்யா!"

இந்த இடத்தில்தான் வித்தகர் தாமே விழித்தார். கையிலிருந்த இரண்டில் எது கறுப்பு? அந்த மஞ்சளில் அவருக்கும் தெரியவில்லை. உற்றுப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், பயனில்லை.

"என்ன, உங்களுக்கும் தெரியலையா?" சகலையின் குரலில், அந்தத் துன்பத்திலும், ஒரு துளி இன்பம்.

"என் கண்ணுல குத்தமில்ல, விளக்குல குத்தம். வெளிய வாங்க."

பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிக்கும் வாகனங்களுக்கும் நடுவே, ஐம்பது கடந்த இரண்டு ஆண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நின்றார்கள். ஒருவர் ஒற்றைக் காலில் நின்று காலுறையைக் கழற்ற, மற்றவர் இன்னொரு காலுறையை ஞாயிற்றுக்கு நேரே ஏந்திப் பிடித்து, நைவேத்தியம் காட்டுவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு சகலையின் வலக்காலுக்குப் போயிற்று. அங்கிருந்து கழன்ற கருநீலம், வெதுவெதுப்பாக, விளக்குக்காரரின் பைக்கு வந்தது.

மேடையில் மாலை விழுந்தது, கைத்தட்டல் எழுந்தது. தாழ்ந்த சோபாவில் சகலையின் கால்கள் இரண்டும் கரிய பெருமிதத்தோடு முன்வரிசையை நோக்கி நீண்டிருந்தன. சம்பந்தியாகப் போகும் அம்மையார் விளக்குக்காரருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். சகலை நன்றியுரைக்கு எழுந்தார்; தொண்டையைச் செருமினார்; நிறைந்த சபையைக் கண்டார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அரைமணி நேர வாக்குறுதியை விழுங்கியது.

"எங்க குடும்பத்துல ஒரு மாப்பிள்ளை இருக்காரு..." என்று தொடங்கினார், கண்ணில் பழைய குறும்போடு.

விளக்குக்காரர் பதறவில்லை. பையிலிருந்து அந்தக் கருநீலக் காலுறையை எடுத்து, நிதானமாக உதறி, நெற்றியை ஒற்றிக்கொண்டார். ஒற்றியபின் அதன் விரல் முனை தெரியும்படி முழங்காலின்மேல் விரித்து வைத்தார்.

மேடையில் சகலையின் வாய் திறந்தபடி நின்றது.

"ஒரு மாப்பிள்ளை இருக்காரு," என்றார் மறுபடியும், இம்முறை குரல் மாறி. "அவரு... விளக்குத் தொழில்ல அவருக்கு நிகரு கிடையாது. எங்க வீட்டு உடை அறைக்கு அவரு சொன்ன யோசனைய நான் கேக்கல. கேக்காம இருந்தது என் தப்பு. வெளிச்சம்னா என்னன்னு அவருகிட்டதான் கத்துக்கணும்."

முன்வரிசையின் கடைசியில் அமர்ந்திருந்த அண்ணி, தன் காதையே நம்பாமல் கணவனைப் பார்த்தாள். சபை கைதட்டியது. அம்மையார் விளக்குக்காரர் பக்கம் திரும்பி, அளந்து வைத்திருந்த புன்னகையில் ஒன்றைச் செலவிட்டார். "எங்க வீட்டுலயும் துணி அறைக்குள்ள ஒரே இருட்டு. நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்."

"அவசியம் வர்றேம்மா," என்றார் அவர், முழங்காலின்மேலிருந்ததை மடித்துக்கொண்டே.

மறுபக்கம் அமர்ந்திருந்த மனைவி அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, அதுல மூஞ்சியத் துடைச்சீங்களே, அது உங்க சாக்ஸ்தானே?"

"இல்ல."

"பின்ன யாரோடது?"

விளக்குக்காரர் மேடையைப் பார்த்தார். அங்கே சகலை அவருடைய கையையே உற்றுப் பார்த்தபடி, இன்னும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"பேசி முடிக்கட்டும்," என்றார். "அப்புறம் சொல்றேன்."