சம்மனசு கையில் டெஸ்மண்டின் வாள்

காக்ஸ் டவுனில் டெஸ்மண்டைத் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய வாளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கோபத்துக்கு இதுவே முதல் காரணம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எந்த விதியின்படி ஒன்றும் கிடைக்காது என்று பொறுமையாக விளக்கிவரும் மனிதரைத் தெருவில் "வாள் வீட்டு அங்கிள்" என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வாளும் லேசுப்பட்டதல்ல. கவசம் போட்ட ஐரோப்பிய வீரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிய நீள வாள், அதன் அச்சு அசலான நகல். வடக்கே ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. டெஸ்மண்ட் தன் உள்ளங்கையை அளந்து அனுப்பினார். தோள் உயரத்தை அளந்து அனுப்பினார். பிடியின் அடியில் வரும் குமிழ் தட்டையாக இருக்க வேண்டும் என்று படம் போட்டு அனுப்பினார். பட்டறைக்காரர்கள் அதைக் கோழிமுட்டை மாதிரி செய்து அனுப்பியபோது, ஒரு கிளெய்மை நிராகரிக்கிற அதே நிதானத்தோடு திருப்பி அனுப்பினார். கடைசியில் வந்து சேர்ந்த வாள் மொண்ணைதான், காகிதம்கூடக் கிழியாது. ஆனால் பிடியில் சுற்றிய பழுப்புத் தோல் அவர் கைக்கென்றே பிறந்தது மாதிரி இருந்தது. ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதை இறக்கி, மெஷின் எண்ணெய் தொட்டு, துருவுக்கு இடம் கொடுக்காமல் முனை வரை தடவுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அடுத்த நிமிஷம் அதே கேள்வி. "இத வச்சு என்ன பண்ணுவீங்க?"

ஷோகேசில் கண்ணாடி வாத்து இருக்கிறது. அது என்ன பண்ணுகிறது என்று யாராவது கேட்டதுண்டா? வேளாங்கண்ணியில் வாங்கிய சிப்பிக் கப்பல் எந்தக் கடலில் ஓடுகிறது? கேட்கமாட்டார்கள். வாள் மட்டும் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும்! மைத்துனன் அமல் ஒருபடி மேலே போனான். "மச்சான், கிறிஸ்மஸுக்குப் பன்னி வெட்றப்ப குடுப்பீங்களா?" மனைவி பெர்னதெத் சமையலறையிலிருந்தே சொன்னாள்: "கேக் வெட்டவே ஆகாதாம்டா. சும்மா எண்ணெய் குடிச்சிட்டுத் தொங்குது."

இப்படிப்பட்ட வாளுக்குத்தான் போன செப்டம்பரில் வேலை வந்தது.

தெருமுனையில் வானதூதர் மிக்கேல் சம்மனசுக்கு ஒரு கெபி உண்டு. உயரமான மேடைமேல் கண்ணாடிக் கதவு போட்ட குகை. உள்ளே சாத்தானை மிதித்துக்கொண்டு, இடது கையில் தராசும் வலது கையில் மரவாளுமாகச் சம்மனசு நிற்பார். திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்ட ஏறியவன் பிடிமானத்துக்கு அந்த வாளைப் பிடித்தான். வாள் முறிந்தது. அன்று சாயங்காலமே கமிட்டி செக்ரட்டரி டேரில் வந்து நின்றான்.

"அங்கிள், உங்க வாள் ஒரு வாரத்துக்கு வேணும்."

"அது ரெண்டு கை வாள்."

"சம்மனசுக்கு ரெண்டு கை இருக்கே, அங்கிள்."

"ஒரு கையில தராசு இருக்குப்பா! ஒத்தக் கையில இதத் தூக்கினா சம்மனசு சிக்ஸர் அடிக்கப் போற மாதிரி நிப்பாரு. முடியாது."

டேரில் போய்விட்டான். போனவன், மறுநாள் டெஸ்மண்ட் ஆபீசுக்குக் கிளம்பியதும் திரும்பி வந்தான். பெர்னதெத் வாளை எடுத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு, காலியான ஆணியில் கல்யாண போட்டோவை மாட்டினாள்.

"ஏங்க, சம்மனசு கேட்டு இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றாள் அன்று சாயங்காலம்.

"சம்மனசு எங்கடீ கேட்டாரு? டேரில் கேட்டான்!"

தேர் பவனியன்று டெஸ்மண்ட் வாசலில் நின்றார். பேண்டு வாத்தியம் முன்னால் வந்தது, பின்னால் சம்மனசு வந்தார். டெஸ்மண்ட் வாளைத் தேடிப் பார்த்தார்.

வாளுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள்! திருவிழா என்றால் கமிட்டிக்காரர்கள் கையில் பிரஷ் முளைத்துவிடும். கேட்டுக்கு வெள்ளி பெயின்ட், கொடிமரத்துக்கு வெள்ளி பெயின்ட், மிச்சம் இருந்தது வாளுக்கு. அவர் கைக்கென்றே பிறந்த தோல் பிடிக்குத் தங்க பெயின்ட். அதன்மேல் பச்சையும் சிவப்புமாக சீரியல் பல்பு.

அவர் வாய் திறப்பதற்குள் இன்னொன்று நடந்தது. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த இரும்பில் பெயின்ட் ஒட்டுமா? தேர் குலுங்கக் குலுங்க, வெள்ளி சில்லு சில்லாக உதிர்ந்தது. கீழே நடந்துவந்த ஒரு பெண்ணின் முக்காட்டில் ஒரு சில்லு விழுந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கத்தினாள்.

"சம்மனசு வெள்ளி கொட்றாரு!"

அப்புறம் யார் தடுக்க முடியும்? கைக்குட்டைகள் விரிந்தன. மறுநாள் காலை ஊருக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து ஒரு வேன் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து டெஸ்மண்ட் கெபிக்குப் போனபோது வரிசை தெருவைத் தாண்டி நின்றது. நெட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"டேரில், என் வாள்."

"அங்கிள், சம்மனசுக்கு வச்சத திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லையே."

"நான் எங்கப்பா வச்சேன்?"

டேரில் கொஞ்சம் யோசித்தான். அவனுடைய ஸ்கூட்டர் மழைத் தண்ணீரில் மூழ்கியபோது அந்தக் கிளெய்மைத் தள்ளுபடி செய்தவர் டெஸ்மண்ட்தான். அதே குரலில், அதே பொறுமையோடு கேட்டான்:

"சம்பவம் நடந்தப்ப பொருள் உங்க கட்டுப்பாட்டுல இருந்துச்சா, அங்கிள்?"

டெஸ்மண்டின் காது மடல் சிவந்தது. வாளை அளந்து செய்தவர் அவர், எண்ணெய் போட்டு வளர்த்தவர் அவர், அது யாருடையது என்று அவரிடமே விசாரணை! வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"கேளுங்க எல்லாரும்! இது அற்புதம் இல்ல. என் வாள். வாரா வாரம் நான் எண்ணெய் போடறேன். எண்ணெய் மேல பெயின்ட் அடிச்சா உதிரத்தான் செய்யும். இவ்வளவுதான் விஷயம்!"

இப்போது கல் எறிவார்களா, கையெடுத்துக் கும்பிட்டு வாளைக் கொடுப்பார்களா என்று டெஸ்மண்டுக்கே தெரியவில்லை. வரிசையில் நின்ற குளோரியா டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஹைஸ்கூலில் சயன்ஸ் எடுக்கிறவர். உண்மையின் பக்கம் ஒரு ஆள் கிடைத்தது என்று டெஸ்மண்ட் ஆசையோடு பார்த்தார்.

"டெஸ்மண்ட் சொல்றது கரெக்ட்," என்றார் டீச்சர். "பெயின்ட் நம்ம கடை பெயின்ட்தான். வாள் இரும்புதான். அப்ப உதிர வச்சது எண்ணெய். அற்புதம் எண்ணெயிலதான் இருக்கு."

வரிசை அப்படியே திரும்பியது. மொத்த ஜனமும் சம்மனசுக்கு முதுகைக் காட்டி டெஸ்மண்டைப் பார்த்தது.

"அது தையல் மெஷினுக்குப் போடற எண்ணெய்ங்க!"

"பாத்தீங்களா, எவ்ளோ எளிமை," என்றாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம்.

டேரில் நிலைமையைக் கணக்குப் போட்டான். உதிர வேண்டிய வெள்ளியெல்லாம் உதிர்ந்தாகிவிட்டது. வாளும் மொட்டையாக நின்றது. ஏணி வைத்து ஏறி, கம்பியை முறுக்கி அவிழ்த்து, வாளை டெஸ்மண்ட் கையில் கொடுத்தான்.

"கொண்டு போங்க, அங்கிள். எண்ணெய் மட்டும் கமிட்டிக்குக் கொஞ்சம்..."

டெஸ்மண்ட் வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வழியில் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், ஷூட்டிங்கா?" என்றார். வீட்டில் கல்யாண போட்டோவை இறக்கச் சொல்லி ஒரு சண்டை, தோற்றார். போட்டோவுக்குக் கீழே புது ஆணி அடித்தார். பிடியிலிருந்த தங்க பெயின்ட் இன்னும் முழுசாகப் போகவில்லை. தோல் எண்ணெய் குடிக்காததால் அங்கே மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இப்போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்து அவர் வருவதற்குள் வாசலில் சின்னச் சின்ன பாட்டிலோடு ஆள் நிற்கிறது. முழங்கால் வலி, விசா, மகள் கல்யாணம். பெர்னதெத் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கொடுக்கிறாள். வாள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. டெஸ்மண்டுக்கு அதுதான் தாங்கவில்லை. போன வாரம் ஒருவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி ஹாலுக்குள் திருப்பினார்.

"சார், அந்த வாளப் பாருங்க. ரெண்டு கை வாள். குமிழ் தட்டையா இருக்கு பாருங்க, அதுக்கே திருப்பி அனுப்பினேன்..."

அவர் மரியாதையாகப் பார்த்தார். தலையாட்டினார்.

"நல்லா இருக்கு சார். இத வச்சு என்ன, எண்ணெய் போடுவீங்களா?"