பிணமாய்ப் படுத்தவள் ஆராத்தி எடுக்கலாமோ?

படத்தில பிணமாய்க் கிடக்கிறவைக்கு ஒரே விதி: மூச்சு விடலாம், வெளியில தெரியக்கூடாது. மனேச்சருக்கு முன்னால மூச்சடக்கி வேலை செய்யிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இஞ்ச வைட்சப்பல் எண்ட பகுதித் தெருவளில பொம்பிளையளைக் கொன்றுபோட்டு, கடைசிமட்டும் பிடிபடாமல் போன அந்தக் காலத்துக் கொலைகாரனைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தவை. அதில கொலையுண்ட ஒருத்தியாய் நான் படுத்தனான். முகத்தைத் தொப்பி மறைக்கும். என்ர உயரத்தை மட்டும்தான் பார்த்து எடுத்தவை. கூப்பிட்டதும் "பிணம்" எண்டுதான்.

நல்ல கொலைகாரன்

ஈரக் கல்லுத் தெருவில படப்பிடிப்பு. குளிர் முதுகுக்குள்ள ஏறுது. கொலைகாரனாய் நடிச்ச வெள்ளைக்காரர் தங்கமான மனுசன். ஒவ்வொரு ஷொட்டும் முடிய ஓடிவந்து தன்ர கறுத்தக் கோட்டை எனக்குப் போர்த்திவிடுவார். எனக்குத் தடிமன், மூக்கால ஓடுது எண்டு கண்டிட்டு, கத்தியும் கையுமாய் நிண்டு சொன்னார்: "தும்மல் வந்தால் விரலை ஆட்டுங்கோ, கொலையை நிப்பாட்டுறன்."

ஆள் ஆர்?

நீங்களும் இதைத்தானே கேக்கப்போறியள்? எனக்கும் அதே விசர்தான். கொலைகாரன் எண்டு சந்தேகப்பட்ட ஆக்கள் எக்கச்சக்கம்: டொக்டர் ஒராள், இறைச்சிக்கடைக்காரன் இன்னொராள். ரெயினிலயும் அதைத்தான் ஃபோனில வாசிச்சன். மனோர் பார்க் முருகன் கோயிலில அர்ச்சனைத் தட்டோட நிண்டவையும் பூசையை விட்டிட்டு என்னைத்தான் விசாரிச்சினம். வீட்டை வந்தால், என்ர மனுசன் புட்டைக் குழைச்சுக்கொண்டு கேட்டார்: "பக்கத்திலதானே கிடந்தனீர், ஆளைப் பார்க்கேல்லையோ?"

துடக்கு

அந்தக் கிழமை மனுசன்ர தங்கச்சியின்ர மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. எனக்குப் பிள்ளையள் இல்லை. மாமியாய் நிண்டு அவளுக்கு ஆராத்தி எடுக்கிற நாளுக்குத்தான், அவள் பிறந்ததிலயிருந்து காத்துக்கொண்டிருந்தனான். மச்சாள், அவளின்ர அம்மா, ஃபோன் எடுத்தா. "பிணமாய்க் கிடந்திட்டு ஆராத்தி எடுக்கிறதோ, அண்ணி? செத்தவீட்டுத் தீட்டு, துடக்கெல்லோ." எனக்கு அழுகை வந்திட்டுது. கோபமும்தான்.

கோயில் ஐயரைக் கேப்பம் எண்டு அவரையும் அதே லைனில எடுத்தன். விசயத்தைக் கேட்டிட்டு ஐயர் விசாரிச்சார்.

"செத்த பிள்ளை உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை, ஐயா."

"அப்ப துடக்கில்லை. முழுகிப்போட்டு எடுங்கோ."

மச்சாளும் ஓமெண்டிட்டா. எனக்குப் போன உயிர் வந்த மாதிரி. நன்றி சொல்லி ஃபோனை வைக்கப்போக, ஐயர் கேட்டார்: "கொடூரமாய்ச் செத்ததெல்லோ, அந்தப் பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ, நாளைக்கு ஒரு விளக்கு வைச்சுவிடுறன்."

கொலைகாரன் எண்டு பத்துப் பேரின்ர பேர் சொல்லத் தெரிஞ்ச எனக்கு, நான் ஆராய்ச் செத்தனான் எண்டு மட்டும் சொல்லத் தெரியேல்லை.