இறங்காத படிவங்கள்

மல்லாவியில் தனியாக இருந்த அனிஸ்ரன் வீட்டுக்கு ஆள் வரத்தே இல்லை. அவருடைய நாய்க்குக் குரைப்பதே மறந்துவிட்டது. பொழுதுபோகாமல் ஓர் இணையத்தளம் தொடங்கி, எவரும் தரவிறக்கக்கூடியதாகப் பன்னிரண்டு விண்ணப்பப் படிவங்களைப் போட்டார். ஆறு மாதமாக ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள், தளத்தின் மூலையில் கிடந்த அவரது தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து ஒருத்தி போன் எடுத்தாள்.

“அண்ணை, துணுக்காயிலயிருந்து யூலிற்றா கதைக்கிறன். காணிப் படிவம் இறங்குதில்லை.”

“என்ர கொம்பியூட்டரில இறங்குதே!”

“உங்கட கொம்பியூட்டருக்க கிடக்கிற கோப்புக்கெல்லோ இணைப்புக் குடுத்திருக்கிறியள்! நாங்கள் வீட்டை வந்தே எடுக்கிறது?”

“வாங்கோவன் தங்கச்சி, தேத்தண்ணி தாறன்!”

அவள் சிரித்தாள். அனிஸ்ரன் படிவத்தைத் தளத்தில் ஏற்றி, அது இறங்கும்வரை உலகத்துக் கதையெல்லாம் கதைத்தார். அவள் போனை வைத்ததும் வீடு பழையபடி ஊமையானது.

மற்றப் பதினொன்றிலும் அதே பிழைதான். அவர் திருத்தவில்லை, ஒவ்வொன்றின் கீழும் தன் இலக்கத்தைப் பெரிதாகப் போட்டார்.