கடலுக்குக் குத்தகைக்காரர் யார்? ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு தூண்டில் பயணம்

கடலில் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "படகுக்கு எங்க போவ?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "ஒனக்கு நீச்சலாவது தெரியுமா?" படகும் கிடையாது, நீச்சலும் தெரியாது. ஆனாலும் போனோம். இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த அடுத்த வாரம், இரண்டு பகல் ஒரு இரவு. படகில்லாமல், கரையில் நின்றே பிடித்தோம். எங்களைப் போலக் கடல் மீனை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்தவர்கள் யாராவது இதே ஆசையோடு இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம். நான் பத்து வயதிலிருந்து தூண்டில் போடுகிறேன். இப்போது நாற்பத்து நான்கு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் குளமோ கண்மாயோ, எதுவாக இருந்தாலும் மீன் குத்தகைக்கு ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பிடிப்பது யாரும் விடாமல் தானாகப் பெருகும் ஜிலேபிக் கெண்டை. அதற்கும் விரட்டுவார்கள். முப்பத்து நான்கு வருஷமாக ஒரு கண்ணைக் கரையில் வைத்துக்கொண்டுதான் மறு கண்ணால் தக்கையைப் பார்த்திருக்கிறேன். போன ஐப்பசியில் காவலுக்கு இருந்த ஆள், ஊர்ச் சனம் பார்க்க, "ஏய் கெளம்பு கெளம்பு" என்று கையைத் தட்டி விரட்டினார், கோழியை விரட்டுவது போல. அன்றைக்கு முடிவு செய்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, யாரும் வந்து விரட்டாத தண்ணீரில் தூண்டில் போட வேண்டும். மீன் மாட்டினாலும் சரி, மாட்டாவிட்டாலும் சரி.

மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு லீவு கிடையாது. விடிவதற்குள் பூ பறித்தாக வேண்டும். கவாத்து வெட்டிச் செடி மொட்டையாக நிற்கும் மார்கழியும் தையும்தான் எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. திண்டுக்கல்லில் நாங்கள் வாடிக்கையாக மீன் வாங்கும் ரஹீம் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரியான மாசமாத்தான் கேக்குற. எங்க பக்கம் வடக்கயும் கடல், தெக்கயும் கடல். வாடைக் காத்து அடிக்கையில வடகடல் கொந்தளிக்கும்மா. தென்கடல் செவனேன்னு கெடக்கும். உச்சிப்புளியில எறங்கித் தெக்க போ, புதுமடம். படகு எதுக்கு? கரையில நின்னாலே கெழங்கான் மீனு வரும், பாறை மீன் குட்டி வரும்."

என்னிடம் இருந்தது மூங்கில் கம்பு. அது கடலுக்கு ஆகாது என்றார். மதுரைக்கு ஒரு வேலையாகப் போன அன்று ரீல் வைத்த எட்டடிக் கம்பு ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். தங்கூசி நரம்பு என்கிற நைலான் நூல், தூண்டில் முள், ஈயக்குண்டு எல்லாம் சேர்த்து 420. வீசிப் பழக வேண்டுமே! கவாத்து வெட்டின தோட்டத்தில் நின்று நான்கு நாள் வெறும் குண்டை வீசினேன். இரண்டு தடவை முருங்கை மரத்தில் சிக்கியது. அடுத்த தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து, "ஏ ஈஸ்வரி, மல்லிக் காட்டுல என்ன மீனு மாட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க ஊரில் அதுதான் பேச்சு.

காலை 5.30க்கு ரெட்டியார்சத்திரத்தில் டவுன் பஸ். எனக்கு இலவசம், வீட்டுக்காரருக்கு 12 ரூபாய். திண்டுக்கல்லில் 6.05க்கு மதுரை வண்டி, 65 கிலோமீட்டர், ஆளுக்கு 60. ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி 7.40. அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ், 8.40க்கு ராமேஸ்வரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டோம். உச்சிப்புளிக்கு ஆளுக்கு 125. என் மடியில் ஒரு டப்பா. அதில் எங்கள் தோட்டத்து மண்புழு, ஈரச் சாணியோடு. பரமக்குடி வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், பாவம்.

உச்சிப்புளியில் இறங்கும்போது 12.05. ஆட்டோ 150 ரூபாய். ஏறி உட்கார்ந்ததும், திண்டுக்கல்லிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தை ஓட்டுநரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, அங்கிட்டுக் கடல் யாரு குத்தகையில இருக்கு? அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூண்டில் போட்டா நல்லதுல்ல?"

அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பார். "கடலையா குத்தகைக்கு விடுவாக? எந்த ஊருக்கா நீங்க?"

"திண்டுக்கல்."

"அது யாரு குத்தகையிலயும் இல்லக்கா. அம்புட்டும் சும்மாதான் கெடக்கு."

நான் நம்பவில்லை. சும்மா கிடக்கிற தண்ணீரை எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்ததே கிடையாது.

கடலை இதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்கிறேன், திருச்செந்தூரில், கூட்டத்துக்கு நடுவே, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு. அன்றைக்குக் கடலைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைத்தான் பார்த்தேன். இங்கே தென்னைகளைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் எதிரே கடல் மட்டும்தான். முதலில் என் கண் தேடியது மறுகரையை. எந்தக் கண்மாய்க்கும் மறுகரை ஒன்று உண்டு. அங்கே பனைமரம் நிற்கும், ஆடு மேயும். இங்கே பச்சை, அதற்கப்புறம் நீலம், அதற்கப்புறம் வானம். அவ்வளவுதான். ஒரு பெரிய மூச்சு இழுத்தேன், விடத் தோன்றவில்லை. உப்புக் கரிக்கும் என்று தெரிந்தும் விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கணுக்கால் நனைய நடந்தார். கடைசியில், "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வயலுக்குப் பாய மாட்டேங்குதே" என்றார். அவர் மலைத்துப்போனால் அப்படித்தான் பேசுவார்.

அன்று மதியம் ஒரு மீன் இல்லை. மண்புழு உப்புத் தண்ணீர் பட்டதும் நூல் போலச் சுருங்கி வெளுத்துவிட்டது. ஈயக்குண்டு கனம் போதாமல் கரைக்கே உருண்டு வந்தது. அதோடு இன்னொன்று. கண்மாய்க் கரையில் வைப்பது போலப் பையைத் தண்ணீருக்குப் பத்தடி தள்ளி வைத்திருந்தேன். நான்கு மணிக்குத் திரும்பிப் பார்த்தால் பை மிதக்கிறது! எங்கள் ஊரில் தண்ணீர் ஏறுவதற்கு ஐப்பசி வர வேண்டும், இறங்குவதற்குப் பங்குனி வர வேண்டும். இது ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறதாம். நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சிரித்தேன். இப்படி ஒரு தண்ணீரா என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. வீட்டுக்காரர் பிறகு கிண்டல் செய்தார். மாலை உச்சிப்புளிக்குத் திரும்பி அறை எடுத்தோம், 900 ரூபாய்.

மறுநாள் 6.20க்கு மறுபடியும் கரையில் நின்றோம். இந்த முறை நூறு ரூபாய்க்கு இறால், கனத்த குண்டு. கடலில் தக்கை கிடையாது. விரல் நரம்பில் இருக்க வேண்டும். 7.10க்கு விரலில் இரண்டு தட்டு விழுந்தது. அப்புறம் ஓர் இழுப்பு. ஒரு சாண் மீன்தான், ஆனால் அந்தக் கடல் முழுவதும் என் மணிக்கட்டில் தொங்குவது போல இருந்தது. கிழங்கான். வெள்ளியும் லேசான மஞ்சளுமாக மணலில் துள்ளியது. எட்டரைக்குள் வாளியில் நான்கு கிழங்கானும் ஒரு பாறைக் குட்டியும் இருந்தன. வீட்டுக்காரர் டீ வாங்கக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கிழக்கே தூரத்தில் ஒருவர் தெரிந்தார். கைலி, தலையில் துண்டு, என் வயதுதான் இருக்கும். நேராக என்னை நோக்கி வந்தார். பாதி தூரத்தில் துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு ஏதோ கத்தினார். காற்றில் வார்த்தை விளங்கவில்லை. எனக்கு விளங்கவும் தேவையில்லை, எத்தனை தடவை பார்த்த நடை அது! நரம்பை அவசரமாகச் சுற்றினேன். வாளியைத் தூக்கிக் கடலில் கவிழ்த்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. காவல்காரர் வந்து சேர்வதற்குள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டால் ஏச்சோடு போகும். வாளியில் மீனைப் பார்த்துவிட்டால் கம்பை ஒடிப்பார்கள். ஐந்து மீனில் இரண்டு நீந்திப் போயின. மூன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "ஏந்தாயி, என்ன காரியம் செஞ்ச? புடிச்ச மீனைக் கொட்டிட்ட?"

"போயிர்றேண்ணே. தெரியாம வந்துட்டோம்."

"எங்க போற? கரைவலை கரைக்கு ஏறுது தாயி. கவுறு இங்கிட்டுத்தான் வந்து சேரும், ஒன் நரம்பு அதுல சிக்கிரும். ஒரு அம்பது தப்படி மேக்க தள்ளி நின்னு போடு. அதச் சொல்லத்தான் கத்திக்கிட்டே வாரேன்."

"அப்ப, இங்க புடிக்கலாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலி வாளியைப் பார்த்தார். "கடல்ல மீன் புடிக்காம வேற என்னத்தப் புடிப்ப?"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீன் போனதற்காக இல்லை. யாரும் விரட்டாத இடத்துக்கு இருநூறு கிலோமீட்டர் வந்து, என்னை நானே விரட்டிக்கொண்டேனே என்றுதான். அந்த நேரம் பார்த்து டீயோடு வந்த வீட்டுக்காரர், "என்னய்யா சொன்னீரு அவள?" என்று சண்டைக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரரே அந்த வலைக்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கினார், கண்மாய், ஏலம், காவல் என்று. வலைக்காரர் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மிதந்த மூன்று மீனையும் பொறுக்கி, அலசி, என் வாளியில் போட்டார். "வாங்க, கவுத்துல ஒரு கை குடுங்க" என்றார்.

கரைவலை இழுப்பதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். படகில் போய் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆணும் பெண்ணுமாகப் பின்னாலேயே நடந்து இழுக்கிறார்கள். நாங்களும் இழுத்தோம். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். கயிறு உள்ளங்கையைச் சுட்டது. எதிரே தண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை. திடீரென்று கடைசி இருபதடியில் கடல் கொதித்தது. சூடை மீன், காரல் மீன், இரண்டு மூன்று வாளை, எல்லாம் வெயிலில் ஒரே நேரத்தில் திரும்பின.  நடுவில் ஓர் ஆமை. நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆழத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். கயிற்றைத் தொட்டவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லையாம். எங்களுக்கும் இரண்டு கை நிறையக் காரல் அள்ளிப் போட்டார்கள்.

கிளம்பும் முன் நடந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மண்புழு வேண்டவே வேண்டாம்; இறாலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கனமான குண்டு நான்கைந்து வைத்திருங்கள். பையை ஈர மணலில் வைக்காதீர்கள், காய்ந்த மணலுக்கும் மேலே வையுங்கள். கடல் கெளுத்தியின் முள் குத்தினால் கை வீங்கிவிடும், துணி போட்டுப் பிடியுங்கள். பேத்தை மீன் மாட்டினால் சமைக்காமல் விட்டுவிடுங்கள், அது விஷம். கடல் குதிரை, கடல் அட்டையைத் தொடக்கூடாது, சட்டப்படி குற்றம். கடலுக்குள் இருக்கும் தீவுகள் பக்கம் போக ஆசைப்படாதீர்கள், அங்கே போகத் தடை இருக்கிறது. கரையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது, அறையிலேயே முடித்துவிட்டுப் போங்கள். வலை இழுக்கும் இடமென்றால் தள்ளி நில்லுங்கள். குத்தகை இல்லையே தவிர, அவர்கள் வேலை செய்யும் இடம் அது. பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு, இறால் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 3,000 ரூபாய் ஆனது, தூண்டில் சாமான் தனி. படகும் வேண்டாம், நீச்சலும் வேண்டாம்.

பதினொன்றரைக்கு, வலைக்காரர்கள் போன பிறகு, மேற்கே தள்ளி நின்று மறுபடியும் வீசினேன். கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. இரண்டு கிழங்கான் மாட்டியது. அப்போது மேற்கிலிருந்து ஒருவர் வந்தார். நேராக என்னை நோக்கித்தான். எல்லாம் தெரிந்த பிறகும் என் கை தானாக ரீலைச் சுற்றத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன்.  வாளி பக்கமே பார்க்கவில்லை. அவர் அருகில் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "கெழங்கானா? புளியைக் கொறச்சு வையி தாயி" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே போனார்.

அவர் தூரத்தில் சின்னதாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பினேன். முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் பிடித்தேன்.